தட்டிப் பார்க்காத டிரம்

கம்பெனியில் அவளுக்குத் தட்டக்கா என்று பேர். டிரம்மை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் போதும், உள்ளே பொடி ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பொடி இல்லை என்று அவள் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் டிரம் கழுவப் போகும். பதினெட்டு வருஷமாக அந்தக் கோட்டை ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை.

பொடி என்பது நீரில்லாத அலுமினியம் குளோரைடு. சாயமும் மருந்தும் செய்கிறவர்கள் வாங்கிப்போவார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருமுறை விளக்கினாள்: "போரானும் இதுல இருக்கற அலுமினியமும் ஒரே குடும்பம்க்கா. மூணு குளோரினோட எலெக்ட்ரானைப் பங்கு போட்டாலும் எட்டுக்கு இன்னும் ரெண்டு குறையும். அதனால ஆவியா இருக்கறப்ப ரெண்டு ரெண்டா சேர்ந்து, ஒண்ணோட குளோரினை இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு காலத்தை ஓட்டும். தண்ணி பட்டுச்சோ, குளோரினை உதறிட்டு அதுகிட்ட ஓடிடும்." அந்த ஓட்டத்தில் கொதித்து அமிலப் புகையாகச் சீறும். அதைத் தட்டக்கா கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

பார்த்து என்ன பிரயோஜனம்! அன்றைக்கு லாரி நிற்கிறது என்று மேனேஜர் பறந்தார். இருபது டிரம்முக்கும் மளமளவென்று கோடு போட்டாள். ஒன்றைக்கூடத் தட்டவில்லை. கழுவுகிற இடத்தில் நின்றவன் அவளே கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குச் சேர்த்த சொந்தத் தம்பி. அக்கா போட்ட கோட்டை நம்பி, குனிந்து உள்ளே தண்ணீர்க் குழாயை விட்டான்.

முகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கண் கழுவ வைத்திருந்த போரிக் கரைசலாலும் கழுவினார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பார்வை இருக்கிறதா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். கோடு போடாத டிரம்மைத் தம்பியே இழுத்துப்போனான் என்று அதில் இருந்தது. "அவன் கையெழுத்து வேணும். இல்லன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்." தப்பு அவனுடையது என்றானால் கம்பெனி அவனைக் கைகழுவிவிடும். அது தெரிந்துதான் அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தம்பி, "படிச்சுக் காட்டுக்கா" என்றான்.

அவள் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தாள். "டிரம்முல கோடு இருந்துச்சு. மேனேஜர் அவசரப்படுத்தினார். கழுவினவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"எங்கக்கா போடணும்?"

அவன் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதனால உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதேக்கா?" என்று கேட்டான்.

"ஆகாதுடா."

அன்றைக்கு அந்தத் தாளைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.