இருளப்பனின் வலது நாசி

கட்டுகஸ்தோட்டையில் ஸிபான் முதலாளியின் வாசனைச் சரக்குக் கிடங்குக்கு வரும் மூட்டை எதுவும் இருளப்பனின் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். பதினேழு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தவர். இப்போது நாற்பத்தாறு. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். “எடுங்க” என்பார், இல்லாவிட்டால் “திருப்புங்க” என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

இரண்டு வருடமாக அவருடைய வலது நாசி அடைத்துக் கிடந்தது. கன்னத்துக்குள் கல் வைத்தது போலப் பாரம். குனிந்தால் தலை கனத்தது. போகிற இடமெல்லாம் ஓர் அழுகல் நாற்றம் கூடவே வந்தது. அது வேறு யாருக்கும் தெரியவில்லை.

இடது நாசியை வைத்துச் சமாளித்தார். தை மாதத்தில் பூஞ்சணம் பிடித்த சாதிக்காய் இரண்டு மூட்டை அவர் “எடுங்க” சொல்லி உள்ளே போய்விட்டது.  அடுத்த வாரத்திலிருந்து ஸிபான் ஒவ்வொரு மூட்டையையும் தானும் ஒருமுறை மோந்து பார்க்கத் தொடங்கினார். இருளப்பனுக்கு அது போதும். கண்டிக்கு பஸ் ஏறினார்.

டொக்டர் தர்ஷனா யாழ்ப்பாணத்துப் பெண். மூன்று மாதம் மூக்குக்கு மருந்து அடிக்கவும், காலையும் மாலையும் உப்புநீரால் கழுவவும் சொன்னார். அது முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

“இடப்பக்கம் நல்லா இருக்கு. வலது கன்னத்துக்குப் பின்னால இருக்கிற குழி முழுக்க அடைச்சிருக்கு. மருந்து ஒழுங்கா அடிச்சனீங்கள்தானே?”

“ஒரு நாள் விடல டாக்டரம்மா.”

“ஒரு பக்கம் மட்டும் எண்டதுதான் எனக்கு யோசனை. மேல் பல்லு ஏதும் நோகுதோ?”

“இல்லைங்க.”

“ஒருநாளும் நோகேல்லையோ?”

“பல்லெல்லாம் கல்லு மாதிரி. நீங்க ஆபரேசனைச் செஞ்சிருங்க. மூக்கு இல்லாட்டி எனக்குத் தொழில் இல்ல.”

“செய்யிறது பெரிய காரியமில்லை. தேவையோ எண்டதுதான் கேள்வி.” ஆனாலும் வைகாசி கடைசியில் ஒரு திகதி குறித்தார். சம்மதப் படிவத்தோடு பல் கிளினிக்குக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். “பல்லையும் ஒருக்காக் காட்டிப்போட்டு, வெசாக் முடிஞ்ச திங்கள் வாங்கோ.”

படிவத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார் இருளப்பன். துண்டை மடித்துப் பர்சுக்குள் செருகினார். நோகாத பல்லை யாரிடம் காட்டுவது?

கிடங்கில் மிளகு புடைக்கும் றம்லத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“மூக்க வெட்டினா எத வெச்சி எங்கள அதிகாரம் பண்ணுவீங்க, இருளப்பண்ணே?”

“வாய் இருக்குல்ல.”

“அது ஊருக்கே காணும்.”

இருளப்பன் சிரித்துக்கொண்டே பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கராம்பை எடுத்து வலது கடைவாயில் ஒதுக்கினார். கிடங்கில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். கடிக்கமாட்டார்கள். ஊறி ஊறிக் காரம் போனதும் துப்பிவிட்டு அடுத்ததைப் போடுவார்கள். அதை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. தீனி என்றும் நினைப்பதில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது ஐந்தாறு சட்டைப் பைக்குள் விழும்.

வெசாக் பண்டிகைக்கு மூன்று நாள் கிடங்கு பூட்டு. மனைவி நிலூஷா துவைக்குமுன் சட்டைப் பையைப் பார்த்துப் படிவத்தை எடுத்து வைத்தாள். கராம்பு சட்டையோடு துவைபட்டுப் போனது. வீட்டில் வேறு இல்லை. கராம்பை அவர்கள் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வெளிச்சக்கூடு பார்க்கப் போனார்கள். பாலத்தடியில், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தின்னக் கொடுக்கும் தன்சலில் அவித்த கடலை கொடுத்தார்கள். ஒரு வாய் மென்றதும் இருளப்பன் அப்படியே நின்றுவிட்டார். மேல் கடைவாயிலிருந்து கண்வரை ஒரு வலி பாய்ந்தது.

“என்னங்க?”

“பல்லு.”

“கடையில ஒரு கராம்பு வாங்கிப் போடுங்களேன்.”

சரி என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கராம்பு. டொக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. நோகவில்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. நோகுவதற்கு அவர் விடவேயில்லை.

“வேணாம். திங்கக்கிழம வரைக்கும் பாப்போம்.”

“இந்த வலியோடயா?”

“வலிக்கட்டும். எங்கன்னு தெரியணும்ல.”

திங்கட்கிழமை வலது கன்னம் வீங்கியிருந்தது. முதலில் பல் கிளினிக். அங்கே படம் எடுத்தார்கள். மேல் கடைவாயில், எப்போதோ சிமெந்து வைத்து அடைத்த பல் உள்ளே செத்திருந்தது. அதன் வேர் மூக்குப் பக்கத்துக் குழியின் தரையைத் தொட்டுக்கொண்டு சீழ் கட்டியிருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு தர்ஷனாவிடம் போனார்.

“அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் டாக்டரம்மா.” கராம்புக் கதையைச் சொன்னார்.

“ரெண்டு வருசமா?”

“அதுக்கு மேலயும் இருக்கும்.”

தர்ஷனா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நோகுதோ எண்டு கேட்டன். வாயில என்ன வச்சிருக்கிறீங்கள் எண்டு கேட்டிருக்க வேணும்.”

“அப்ப ஆபரேசன்?”

“பல்லைப் பிடுங்கி, மருந்து குடிச்சு, ஆறு கிழமை பாப்பம். அடைப்புப் போகாட்டிச் செய்யத்தான் வேணும்.”

இருளப்பன் யோசிக்க நேரம் எடுக்கவில்லை. படிவத்தை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. “அப்ப இது உங்ககிட்டயே இருக்கட்டும். பேரை எடுத்துராதீங்க. தேவைப்பட்டா நானே வந்து போடுறேன்.”

பல் அந்த வாரமே போனது. பத்தாம் நாள் அழுகல் நாற்றம் விட்டது. ஆறாம் வாரம் எடுத்த ஸ்கேனில் வலது குழி இடதைப் போலவே கறுப்பாக இருந்தது.

“காத்து. அடைப்பில்லை,” என்றார் தர்ஷனா. ஆபரேசன் பட்டியலில் இருளப்பனின் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

மறுநாள் ஏலக்காய் வந்தது. ஸிபான் கதிரையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருளப்பன் இடது நாசியைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, வலதால் மட்டும் மோந்தார். முதல் மூட்டை. இரண்டாவது.

“எடுங்க. எடுங்க.”

மூன்றாவதில் மறுபடியும் கையை விட்டார்.

“திருப்புங்க. அடியில ஈரம்.”

ஸிபானும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். “நல்ல வாசமாத்தானே இரிக்கி.”

“கொட்டிப் பாருங்க முதலாளி.”

கொட்டினார்கள். கடைசியாக விழுந்தது ஒட்டிப்போய்க் கட்டியாக விழுந்தது. அதன்மேல் சாம்பலாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

ஸிபான் கையை உதறினார். நான்காவது மூட்டையை அவிழ்த்தபோது அவர் கதிரைக்குத் திரும்பியிருந்தார்.