பட்டையிரும்பு முகம் வைத்த ஜீப்பை ஓடவைத்தவன் நான்

கல்லடியில் கடற்கரைப் பக்கமாக ஒரு கராஜ் கட்டினேன். சுனாமியில் கடல் வந்து அதை வாரிக்கொண்டு போனது. அதே இடத்தில் மறுபடியும் கட்டினேன், இந்த முறை தூண்களைக் கொங்கிரீட்டில். பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினேன். வட்டைக்குள், வயல் நடுவே, உழவு மெசின் நின்றுபோனால், சாவிப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரம்போரமாகப் போய் அதைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். என்னைப்போல் செய்ய அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. என் இரண்டு பெண்பிள்ளைகளும் இன்று ஆசிரியர்கள். மூத்தவள் இங்கிலிஷ் படிப்பிக்கிறாள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்று செய்தேன். இரண்டாம் உலக யுத்தத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டுப்போன ஜீப் ஒன்று, மூன்று ஊரில் மூன்று துண்டாகக் கிடந்தது. அதை ஒன்றாக்கி ஓடவைத்தேன். இப்போது அது கொழும்பில் ஒரு மண்டபத்துக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையால்தான் மூன்று மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜீப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லா ஜீப்பும் ஒன்றல்ல. பிறகு வந்தவற்றுக்கு முகப்பை ஒரே தகட்டில் அழுத்தி வெட்டினார்கள். முதல் முதல் செய்தவற்றுக்கு அப்படி இல்லை. பட்டையிரும்பை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள், ஜன்னல் கம்பி மாதிரி. அப்படி முகப்பு உள்ள ஜீப் இலங்கையில் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான் என்று கொழும்பில் பழைய ஜீப் சேர்க்கிறவர்களே சொல்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சின்ன வயதில் வேலை பழகிய கராஜில் இரண்டையும் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். கை அறிந்த விசயம்.

அடிச்சட்டமான சேசியும் எஞ்சினும் ஏறாவூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தன. கடைக்காரர் என் வயதுக்காரர், இருவரும் மச்சான் முறை வைத்துத்தான் கதைப்போம். நான் அதைக் கேட்டபோது அவர் தலையில் கை வைத்தார்.

"மச்சான், ஒனக்கு மண்டையில ஏதும் தட்டிட்டா? ஊரே ஆமி வாகனத்தக் கண்டா ஓடுது, நீ ஒண்டக் கட்டி வீட்ட இழுக்கப் போறாய்."

"இதுல ஆமி எங்க இரிக்கி? துருத்தானே இரிக்கி."

"அதப் புடிக்க வாறவனுக்கிட்டச் சொல்லு. என்ர பேரச் சொல்லிராத."

அவர் அப்படிச் சொன்னது பகிடிக்குத்தான். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. நாட்டு நிலைமை மோசமாகிக்கொண்டிருந்த நேரம். சேசியின் உள்பக்கத்தில் இலக்கம் அடித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது. எந்த இராணுவம், எந்த யுத்தம் என்று சோதனைக்கு வருகிறவன் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான். இராணுவத் தகடு என்றால் இராணுவத் தகடுதான். ஆணித் தலைகளை அரத்தால் தேய்த்துத் தகட்டைக் கழற்றினேன். மறுநாள் பட்டப்பகலில் அதை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் போனேன். பாலத்தின் அந்தத் தலையில் சோதனைச் சாவடி. நடுப்பாலத்தில் செயின் கழன்றவன் மாதிரி இறங்கிக் குனிந்தேன். நிமிர்ந்தபோது தகடு வாவிக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து முழுச் சேசிக்கும் தோணிக்குப் பூசுகிற நீலப் பெயின்ற் அடித்தேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்புத் தொப்பிகள் இரண்டும் வைத்திருந்தேன். அவற்றைக் கோழிக்குத் தண்ணி வைக்கப் போட்டேன். சோதனைக்கு வந்தவர்கள் கோழி தண்ணி குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவனும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகுதான் மற்றத் துண்டுகளைத் தேடிப் புறப்பட்டேன். அதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. எதையும் சும்மா கேட்கமாட்டேன். நமது ஆட்கள் எதையும் வீணாக வைத்திருப்பதில்லை, எல்லாம் ஒரு வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வேலையைச் செய்ய அதைவிட நல்லது ஒன்றை என் கையால் செய்து கொடுத்துவிட்டுத்தான் பழையதை எடுப்பேன். வாழைச்சேனையில் ஜீப்பின் பின்சில்லு அச்சில் கயிறு சுற்றித் தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் கப்பி பூட்டிய இழுவை ஒன்று செய்து கொடுத்தேன். இன்றைக்கும் வேலை செய்கிறது, போய்ப் பார்க்கலாம்.

முகப்பு கிடைத்தது வாகரையில். ஒரு வீட்டு முற்றத்தில் மூன்று கல்லின் மேல் அது கிடந்தது. மேலே பாரைக் கருவாடு, கீழே நெருப்பு. பட்டைகளை எண்ணிப் பார்த்தேன், நான் தேடிய முகப்பேதான். அந்த வீட்டு அம்மா என்னிலும் நாலைந்து வயது மூத்தவர்.

"அக்கா, இந்தக் கம்பிய எனக்குத் தருவீங்களா?"

"கடல் வந்து சட்டி பானையெல்லாம் கொண்டு போச்சி தம்பி. இது ஒண்டுதான் மணலுக்குள்ள கிடந்து எடுத்த. இதையும் கேக்கிறாயா?"

"சும்மா கேக்கல்ல. புதிசா ஒண்டு செஞ்சி தாறன்."

"காலும் வச்சித் தருவியா? குனிஞ்சி குனிஞ்சி இடுப்புப் போச்சி."

"நாலு காலும் வச்சித் தாறன்."

"அப்ப புதிச முதல் கொண்டு வா. ஆம்பிளையள்ர வாய்ச்சொல்ல நம்பித்தான் இந்த வீட்டுக்கு இன்னும் கதவு போடல்ல."

ஒரு கிழமையில் கொண்டுபோனேன். கதவு மாட்டப் பிணைச்சலும் அடித்துக் கொடுத்தேன். அந்த முகப்பில் நெருப்புத் தின்ற இரண்டு பட்டைகளை வெட்டி, அதே கனத்தில் பட்டையிரும்பு தேடி ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்த்தேன். கொழும்புக்காரர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தும் எந்த இரண்டு என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

ஜீப் ஓடியது. கல்லடியிலிருந்து வாகரை வரை ஓட்டிப்போய் அந்த அக்காவை ஏற்றிக் கடற்கரையில் ஒரு சுற்றுக் காட்டினேன். ஆனால் உப்புக்காற்று யாரையும் விடாது. வருசத்துக்கு இரண்டு தரம் துருச் சுரண்ட என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அந்த நேரம்தான் கொழும்பிலிருந்து பழைய ஜீப் சேர்க்கிற சங்கத்துத் தலைவர் வந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், மரியாதையான மனிதர். மூடின மண்டபத்துக்குள் வைத்துப் பாதுகாப்போம் என்றார். கொடுத்தேன். ஒரு சதம் வாங்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: யார் செய்தது என்று எழுதி வையுங்கள். ஓம் என்று தலையாட்டினார். இரும்புத் தொப்பிகளையும் அள்ளிக் கொடுத்துவிட்டேன், அவசரக் குடுக்கை.

மண்டபம் திறந்த பிறகு மூத்த மகளோடு காலை ரயிலில் போனேன். ஜீப்பைப் பார்த்ததும் முதலில் சந்தோசம்தான். நீலம் போய்ப் பழைய பச்சைக்கு வந்திருந்தது. புது இருக்கைத் துணி. நல்ல வேலை, பொய் சொல்லக்கூடாது. பலகை இங்கிலிஷில் இருந்தது. மகள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். மட்டக்களப்பில் கண்டெடுக்கப்பட்டது. மிக அரிதான பட்டையிரும்பு முகப்பு உடையது. சங்கத் தலைவரின் கடும் உழைப்பால் புத்துயிர் பெற்றது. அதோடு நிறுத்திக்கொண்டு, "வாங்க அப்பா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள்.

எனக்கு இங்கிலிஷ் தெரியாது. வரி எண்ணத் தெரியும்.

"கடைசி வரி என்ன புள்ள?"

"ஒண்டும் இல்லப்பா."

"ஒண்டும் இல்லாததுக்கு ஏன் அவ்வளவு எழுத்து?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முன்னர் வைத்திருந்தவரின் அக்கறையீனத்தால் அசல் இலக்கத் தகடு தொலைந்துவிட்டது என்று இருந்தது.

அக்கறையீனம்! முழுப் பலகையிலும் நான் வருகிற இடம் அது ஒன்றுதான்.

தலைவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஐயா, நீங்க செஞ்சீங்க எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா போர்டுல போட ஆதாரம் வேணும். செய்யிற நேரத்துப் படம் ஏதும் இருக்கா?"

"தம்பி, ஆமி ஜீப்புக்குப் பக்கத்துல நிண்டு படம் எடுத்திருந்தா, அந்தப் படத்தக் கையில வச்சிக்கிட்டுத்தான் என்னத் தேடி வந்திரிப்பாங்க. சண்ட முடிஞ்ச பிறகு படம் எடுக்கிற நினப்பே வரல்ல. ஆதாரம் வேணுமெண்டா வாகரைக்குப் போங்க. அந்த அக்காட முத்தத்துல நான் செஞ்ச கம்பி நிக்குது."

"மீன் சுடுற கம்பிய எப்படி ஐயா ஆதாரமா வைக்கிற?" என்று சிரித்தார். பிறகு நான் தகட்டின் கதையையும் சொல்ல, மெதுவாகக் கேட்டார்: "தகட்ட நீங்களே தண்ணிக்குள்ள போட்டதாச் சொல்றீங்க. அப்ப அக்கறையீனம் எண்டது சரிதானே?"

மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ரயில் முழுக்க அவள் சொன்னது ஒன்றுதான்: "விடுங்கப்பா, ஜீப் நிழல்ல நிக்குதுதானே." எப்படி விடுவது? அவருக்குச் சொல்லவேண்டிய பதில் வெலிக்கந்தை ஸ்டேசன் தாண்டும்போதுதான் எனக்கு வந்தது.

அக்கறை இல்லாதவன் அந்தச் சேசியை முழுசாகவே ஏறாவூருக்குத் திருப்பி அனுப்பி இரும்பு விலைக்கு உருக்க விட்டிருப்பான். உயிருக்குப் பயந்தவன் வாவிக்குள் முழு எஞ்சினையும் தள்ளியிருப்பான். நான் தகட்டை மட்டும் கொடுத்து ஜீப்பைக் காப்பாற்றினேன். அந்தத் தகடு சேசியில் இருந்திருந்தால் இன்று ஜீப்பும் இல்லை, பெரும்பாலும் நானும் இல்லை. பெயின்ற் அடித்தது தலைவர். அதை எழுதட்டும், எனக்கு வழக்கில்லை. மற்றது முழுக்க என் வேலை, தகடு கழற்றினது உட்பட.

ஆகவே சங்கத்தாருக்குப் பகிரங்கமாகச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரியை அழியுங்கள். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டு, மூன்று ஊரில் கிடந்த துண்டுகளைத் தேடி ஒன்றாக்கியவன் இவன் என்றும், இலக்கத் தகட்டை இவனே கழற்றி வாவியில் எறிந்தான் என்றும், ஏன் எறிந்தான் என்றும் எழுதுங்கள். இங்கிலிஷில் மட்டும் போதாது. மகள் இடையில் நிற்காமல் நானே நின்று வாசிக்கும்படி தமிழிலும் எழுதுங்கள்.