என் முகம் ஊதிய வருஷம்

எழுபதுகளில் சுங்குவார்சத்திரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். கல்யாணமான மறு வருஷமே என் முகம் உப்பத் தொடங்கியது. இமை தடித்தது, புருவத்து ஓரமுடி உதிர்ந்தது, குரல் கரகரத்தது. சித்திரை வெயிலிலும் குளிர்கிறதென்று துண்டைப் போர்த்திக்கொண்டு, பஞ்சர் ஒட்டும்போதே தூங்கி விழுவேன்.

முதலில் எல்லோரும் என் மனைவியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். "இன்னா மாப்ளே, வூட்டுச் சோறு நல்லா ஒட்டிக்கினு கீது" என்பார் டீக்கடைக்காரர். கூச்சத்தில் சிரித்துவைப்பேன். உண்மையில் எனக்குப் பசியே இல்லை.

பிறகு பேச்சு மாறியது. புருஷன் தன் சொல் கேட்பதற்காகப் பெண்டாட்டி சோற்றில் மருந்து வைப்பாள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. முகம் ஊதி ஆள் மந்தமானால் அதுதானாம். குழாயடியில் இதைக் கேட்டுவந்த அம்மா, மருமகளை அடுப்பங்கரைக்குள் விடாமல் தானே சமைக்க ஆரம்பித்தாள். அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகவும் பேச்சு. "உங்க வாய்ல ஒரு வார்த்த வராதா?" என்று மனைவி கேட்டாள். எனக்கு அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

என் முகம்தான் பேசியது. அம்மா சமையலில் ஆடி போய் ஆவணி வந்தது. முகம் இன்னும் ஊதியது. பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் கேட்டுவிட்டாளாம்: "இன்னா யக்கா, இப்ப நீதான ஆக்கிப் போடற? அப்ப மருந்து வெக்கிறது யாரு?"

மறுநாளே அம்மா எங்களை இழுத்துக்கொண்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். டாக்டர் என் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது, கழுத்துச் சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்றார்.

"இது சோத்தால வர்றதில்லம்மா. தினம் மாத்திரை போட்டா மூஞ்சி பழையபடி ஆயிடும்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் என் மனைவி, அம்மாவுக்குக் கேட்கும்படியாக.

பொங்கலுக்குள் சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. அடுப்பங்கரையும் மனைவி கைக்குத் திரும்பியிருந்தது. அதே பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் நின்று, "இன்னாமே, புருசன் இப்டி எளச்சிட்டாரு? சோறு போடறியா இல்லியா?" என்றாள்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "எம் மருமவ நல்லாத்தான் போடறா. ஒரு கிண்ணம் கொழம்பு தரச் சொல்றேன், துன்னுட்டுச் சொல்லு."

சாயங்காலம் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.