லேசான தடியடி

‘போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்’ என்று பத்திரிகையில் இன்றைக்கும் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லேசாம்! எழுதுகிறவர் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. கடையநல்லூரில் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உம்மாவின் தம்பி, என் மாமா, சவுதியில் லாரி ஓட்டியவர், ஊருக்கு வந்திருந்தார். புதுக் கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. மருத்துவப் பரிசோதனையும் போலீஸ் சான்றும்தான் பாக்கி. அவர் மறியலுக்கும் போகவில்லை, மண்ணாங்கட்டிக்கும் போகவில்லை. எனக்குப் புரோட்டா வாங்கித் தரக் கடை வாசலில் நின்றார். திடீரென்று விசில் ஊதினார்கள், குடங்கள் உருண்டன, ஓடிவந்த ஒரு போலீஸ்காரர் போகிற போக்கில் மாமாவின் முகத்தில் லத்தியை வீசினார். ஒரே ஒரு அடி. வலது கண். பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதே உம்மா எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். அடித்தவன் மறைக்கவில்லை, அடிபட்ட வீட்டார் மறைத்தோம். உண்மையைச் சொன்னால் மறியல் கேஸில் பெயர் ஏறும், போலீஸ் சான்று கிடைக்காது, விசா போகும். வளைகுடாப் பணத்தில் உலை கொதிக்கிற ஊரில் கண்ணைவிட விசாதான் பெரிது. குற்றாலத்தில் சீசன் நேரம் வேறு, பொய்க்குப் பஞ்சமா?

“ஏட்டி, யாரு கேட்டாலும் மாமா ஐந்தருவியில வழுக்கி விழுந்தாவன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்னா மாமா பொழப்பே போயிரும், பாத்துக்க.”

டாக்டர் கேட்டார். நான் திக்காமல் திணறாமல் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

போலீஸ் சான்று வந்தது. மாமா மிக நல்லவர் என்று அடித்த துறையே எழுதிக் கொடுத்தது! மருத்துவப் பரிசோதனையில்தான் வலது கண்ணுக்குச் சுவரில் இருந்த பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. ஒற்றைக் கண் டிரைவரை எவன் கூப்பிடுவான்? விசா போயிற்று. மாமாவுக்கு ஓயாத தலைவலி வந்தது. மாமி ஊரார் துணியைத் தைக்க உட்கார்ந்தாள். பிளஸ் டூ படித்த மூத்த மகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடை வேலைக்குப் போனான். லேசான தடியடிதான், போங்கள்.

சில மாதம் கழித்து, அந்தத் தடியடியில் அடிபட்டவர்களைத் தேடி ஒரு வக்கீல் விசாரிக்க வந்தார். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றார். மாமா முதன்முறையாக நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல அருவியில விழுந்ததா இருக்கே, பாய். பாத்த சாட்சி யாரும் உண்டா?”

மாமா என்னைக் காட்டினார். கடைக்காரர் உட்பட ஊரில் வேறு எவரும் வாய் திறக்கத் தயாராக இல்லை. வக்கீல் குனிந்து, மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“மாமா ஐந்தருவியில வழுக்கி விழுந்தாவ.”

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா என் முன்னால் மண்டியிட்டு, “நெசத்தைச் சொல்லுட்டி, இப்பம் சொல்லலாம்” என்று கெஞ்சினார். என்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னேன். வக்கீல் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மாமாவின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.