தங்கமாரியின் பசி

தங்கமாரி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்னையை ஒட்டிய ஒரகடத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காருக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை, படப்பையில் ஒற்றை அறை. உடன் இருந்தவள் மாரிசெல்வி; அதே ஊர், அதே கம்பெனி. ஷிப்ட் எப்போதும் முன்பின்னாக விழுந்ததால் ஞாயிறு தவிர இருவரும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. சமைத்தவள் மற்றவளுக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். அவர்களுடைய சிநேகிதம் பெரும்பாலும் அந்த மூடிக்கு அடியில்தான் இருந்தது.

போன ஆடியில் தங்கமாரிக்குக் கால் வீங்கியது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. பசி வந்தது.

அதைப் பசி என்று சொல்வது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வயிறு முட்டியிருக்கும், கை நிற்காது. கேன்டீனில் மூன்றாம் முறையும் தட்டை நீட்டுவாள். வீட்டுக்கார ஞானம்மா அவளுடைய உப்பிய முகத்தையும் வயிற்றையும் பார்த்து, "இன்னாம்மா, எத்தினி மாசம்?" என்று கேட்டாள். அதைக்கூடத் தாங்க முடிந்தது.

ஒருநாள், மாரிசெல்விக்கென்று தானே மூடி வைத்த தட்டைக் கிளம்புமுன் திறந்து தின்றாள். பிறகு தட்டைக் கழுவித் துடைத்து, பழையபடி மூடியும் வைத்தாள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்த மாரிசெல்வி திறந்து பார்த்தது வெறும் தட்டை. நான்காம் முறை இப்படி நடந்தபோது மாரிசெல்வி வேறு ரூம் தேட ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் தங்கமாரிக்கு அவளைவிட்டால் யாரும் இல்லை.

வெட்கத்தை விட்டு, இந்தப் பசி ஏன் என்று டாக்டரிடம் கேட்டாள். உடம்பின் கொழுப்பிலிருந்து ஒரு ஹார்மோன் மூளைக்குப் போய்ப் போதும் என்று சொல்லும். இந்த மாத்திரை மூளைச் செல்களின் காதை மந்தமாக்கிவிடுகிறது என்றார் அவர். மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். பஸ்ஸில் அவள், டாக்டர் முதலில் சொன்னதை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மாரிசெல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏட்டி, மாத்திரையா கைய நீட்டி மூடியத் தொறந்துச்சு?" என்றாள்.

தங்கமாரி தன் கையைப் பார்த்தாள். கை அவளுடையதுதான்.

மறுநாளே யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். சில வாரங்களில் பசி அடங்கியது. மூடிய தட்டுகள் மூடியபடியே இருந்தன. மாரிசெல்வி ரூம் தேடுவதை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிவிட்டபடி, "இப்பந்தாம்ட்டி பழைய தங்கமாரி" என்றாள். அதற்குள் கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. சுடிதார் பேன்ட் அதை மறைத்தது.

மூன்றாம் மாதம் லைனில் நின்றபடியே சரிந்து விழுந்தாள். சிறுநீரகம் பெருமளவு போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மாரிசெல்வி லீவு போட்டு, உப்பில்லாத சோறும் சுரைக்காய்க் கூட்டும் அதே தட்டில் போட்டு, அதே மூடியால் மூடிக் கொண்டுவந்தாள். ரூமில் தங்கமாரியின் பெட்டிக்கடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளை அவள் பார்த்திருந்தாள்.

"முழுசும் ஒனக்குத்தான். தின்னு."

தங்கமாரி இரண்டு வாய் உண்டாள். மூன்றாவதில் கை தானாக நின்றது. சிறுநீரகம் கெட்டால் பசி போய்விடும் என்று நர்ஸ் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"போதும்ட்டி."

"இன்னும் ஒரே ஒரு வாய்" என்று மாரிசெல்வி கெஞ்சிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, மிச்சத்தை மூடி வைத்தாள்.