மேலுதட்டுத் தோல்

சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் அடுப்பில் கருகத் தொடங்கும்போது எழுகிற அந்தத் தித்திப்பும் கசப்புமான புகை மூக்கில் ஏறினால், இன்றும் என் கை தானாகப் போய் மேலுதட்டை மூடிக்கொள்கிறது. அதன் பின்னாலேயே ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் காதுக்குள் விழுகிறது. கிழிந்தது துணியல்ல என்று புரிய அன்று எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது.

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எதிர்ச்சந்தில், ஷிப்ரா பௌதி தன் படுக்கையறையைத் திரைபோட்டுப் பிரித்து 'பார்லர்' நடத்திவந்தாள். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. தெருவுக்கே அவள் அண்ணி. கணவர் வேலை பார்த்த ஆலை மூடிக்கிடந்தது. முடி பிடுங்குகிற அவள் 'வாக்ஸ்' பாகு கொதித்தால்தான் அந்த வீட்டில் சோறு கொதிக்கும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. முகமெங்கும் சீழ் கோத்த பருக்கள், மேலுதட்டில் பூனைமுடி. சரஸ்வதி பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, பள்ளிப் பெண்கள் எல்லாரும் மஞ்சள் புடவையில் தெருவில் இறங்குகிற நாள். அன்றைக்கு ஒருத்தனும் என்னைப் பார்த்து 'கோஃப்வாலி', அதாவது மீசைக்காரி, என்று கத்தக் கூடாது. கரியாஹாட் மருந்துக்கடை ஒன்றில் வீட்டுக்குத் தெரியாமல், பருவுக்கான ட்ரெட்டினாயின் ஜெல் வாங்கினேன். ராத்திரி மட்டும், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணியளவு என்றார் கடைக்காரர். நானோ கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்துப் பூசுகிற வீட்டில் வளர்ந்தவள்; பருவுக்கு ஒரு பட்டாணி என்று காலையும் மாலையும் படுக்கும்போதும் அப்பினேன். பத்தே நாளில் கன்னம் பழைய சுண்ணாம்புச் சுவராக உதிர்ந்தது, எரிந்தது, எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி மேலும் அப்பினேன். பனிக்காலத்து வறட்சி என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அந்த எண்ணெயின் மேலும் அப்பினேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பௌதி என் மோவாயை வெளிச்சத்துக்குத் திருப்பி, "மூகே கிச்சு மாகிஸ் நா தோ?" என்று கேட்டாள், முகத்தில் எதுவும் பூசவில்லையே? "நா," என்றேன். மேலுதட்டில் பாகைத் தடவித் துணிப்பட்டையை ஒட்டினாள், அழுத்தினாள், இழுத்தாள். முடியோடு தோலும் போனது. ரத்தம் பல்லில் இறங்கி உப்புக் கரித்தது.

அப்பா திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து துறைமுக அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர், கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். மாலை வீடு திரும்பி என் முகத்தைப் பார்த்ததும், செருப்பைக் கழற்றாமலே என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு எதிர்ச்சந்துக்குப் போய் பௌதியின் பார்லருக்குள் நுழைந்தார்.

"எம் பிள்ள மூஞ்சிய என்னளா செஞ்ச?"

பல வருஷத்து வங்காளம் அவர் நாக்கைவிட்டு ஓடியிருந்தது. அறைந்தார். தடுத்த கையிலிருந்த கல்யாணச் சங்கு வளையல் உடைந்து தெறித்தது. வாக்ஸ் டப்பாவை உதைத்தார். கொதிபாகு பௌதியின் பாதத்தில் கொட்டியது, அவள் அலறினாள். ஓடிவந்த தெரு கிளப் பையன்கள் முதலில் அப்பாவின் சட்டையைத்தான் பிடித்தார்கள். அப்பா என் மோவாயைத் தூக்கிப் பிடித்து, "தேகோ! தேகோ!" என்று கத்தினார். பார்த்தார்கள். பிறகு அவர்களே கண்ணாடியை உடைத்தார்கள், பெயர்ப்பலகையைப் பிடுங்கி மிதித்தார்கள்.

பௌதி தரையில் உட்கார்ந்தபடி என்னைத்தான் பார்த்தாள். "போல் நா ரே, மா, சொல்லேன்மா! நான் கேட்டேனா இல்லையா? சொல்லு!"

நான் தரையில் இறுகிக்கொண்டிருந்த பாகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தோல் டாக்டர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். அந்த ஜெல் பூசிய தோல் மெலிந்திருக்கும், ஒரு வாரமாவது நிறுத்தாமல் வாக்ஸ் பக்கமே போகக் கூடாது, பார்லர்காரியைச் சொல்லிக் குற்றமில்லை என்றார். ரிக்‌ஷாவில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"ஒங்கப்பாட்ட வாயத் தொறந்தேன்னா தோல உரிச்சிருவேன். அவுக இந்தத் தெருவுல தல நிமுந்து நடக்காண்டாமா?"

உரிக்க இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. பார்லர் மறுபடி திறக்கவேயில்லை. நொண்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வருகிற பௌதி, எங்களைக் கண்டால் வாளியோடு திரும்பிவிடுவாள். அடுத்த வருஷம் நாங்கள் ஜாதவ்பூருக்குக் குடிமாறினோம்.

இப்போது என் கன்னத்துக் கருந்திட்டுகளுக்கு அதே வகை மருந்தைத்தான் பூசுகிறேன். வாரம் இரண்டு ராத்திரியில் தொடங்கி, நன்றாக உலர்ந்த முகத்தில், மெல்ல மெல்லக் கூட்டி; காலையில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. மேலுதட்டில் வடு கிடையாது. அம்மாவும் இல்லை.

போன மாதம் அப்பா, தன்னைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் கை நீட்டியிருக்கிறாராம், அதுவும் மகளுக்காக. ஆயா போனதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒத்த வார்த்த சொல்லிருந்தா நின்னுருப்பேம்லா, ஏட்டி."

பிறகு, "அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார்.

டாக்சியில் போனோம். சந்தும் இல்லை, அந்த வீடும் இல்லை. லிஃப்ட் வைத்த ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. ஷிப்ரா என்று யாரும் இங்கே இல்லை என்றான் காவலாளி. அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசிப் பெயர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.