பட்டுச் சக்கை

ஓரிக்கையில் பாலாற்றுப் பக்கம் வேர்க்கடலை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைத் தெரியும், கிறிஸ்டோபரையும் தெரியும். பன்றி எதற்கும் அஞ்சாது. தகர டப்பாவைத் தட்டினால் நின்று கேட்டுவிட்டு மறுபடி மேயும். கிறிஸ்டோபரின் நாட்டுத் துப்பாக்கிக்கு மட்டும்தான் ஓடும். பகலில் அவர் செவிலிமேட்டுப் புது வீடுகளுக்குக் குழாய் போடும் பிளம்பர். பொழுது சாயும்போது யாராவது போன் செய்தால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலைக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். ஈய ரவை போடமாட்டார். வெடிமருந்தையும் சக்கையையும் மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்துச் சுடுவார். பன்றியைக் கொன்றால் கேஸ் வரும் என்பது ஒரு பக்கம். கொல்ல அவருக்கு மனசும் வராது. ஊர் சும்மா இருக்குமா? ‘வெத்துவேட்டு’ என்று பேர் வைத்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய அப்பா வயல் காவல் பார்த்தவர். துப்பாக்கியும் லைசென்சும் அவர் வழியாக வந்தவை. எல்லாமே குழலின் வாய் வழியாகப் போகவேண்டிய பழைய வகை அது. முதலில் அளந்த மருந்து, அதன்மேல் அதை அமுக்கிப் பிடிக்கச் சக்கை, பிறகு கெஜக்கோல் என்கிற நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் தடவாமல் கிறிஸ்டோபர் சாப்பிட உட்காரமாட்டார். மருந்துக் கரி விடிவதற்குள் இரும்பைத் தின்றுவிடும் என்பார். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துருவேறித் திரும்பி வருவதைப் பார்த்து, ஜெயித்தவர் தோற்றவர் அத்தனை பேரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டே தேய்ப்பார்.

சக்கை விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. மற்றவர்கள் தேங்காய் நாரையோ பழந்துணியையோ திணிப்பார்கள். அது எரிந்தபின் உள்ளே கங்கு தங்கும். தெரியாமல் அடுத்த மருந்தைப் போட்டு இடித்தால் கையிலேயே வெடிக்கும். பட்டு அப்படியில்லை. நெருப்பை எடுத்தால் முடி கருகும் நாற்றத்தோடு தானே அணைந்துவிடும். பட்டு அசலா என்று பார்க்கத் தறிக்காரர்கள் ஓர் இழையைக் கொளுத்துவதும் இதற்காகத்தான். அவர் மனைவி சந்தியா, தனசேகரன் என்பவரின் தறிக்கொட்டகையில் நெய்கிறாள். அறுந்து விழும் இழைகளைப் பையில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

“ஊர்ல எவன் துப்பாக்கிக்குப் பட்டு கட்டுறான்? நம்ப மட்டுந்தாம்மே” என்று அவளிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

போன பங்குனியில், கடலை முற்றியிருந்த நேரம், ஒரு கொல்லையில் பொழுது சாய வேட்டு போட்டார். பன்றிகள் வரப்பைத் தாண்டி ஓடித் திரும்பி நின்றன. அடுத்த வேட்டுக்காகக் கோலில் ஈரத்துணி சுற்றிக் குழலைத் துடைத்தார். மருந்தைக் கொட்டினார். சக்கையை வைத்து இடித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. கெஜக்கோல் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஆஸ்பத்திரியில் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டுச் சுட்டிருப்பான் என்றது ஊர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த சந்தியா, அவர் பையில் கிடந்த மிச்சச் சக்கையை எடுத்தாள். அடுப்பங்கரையில் நின்று ஓர் இழையைக் கொளுத்தினாள். காகிதம் எரிகிற வாசனை வந்தது. தீ அணைந்த பிறகும் சிவப்புப் பொட்டு ஒன்று இழையைத் தின்றுகொண்டே மேலே ஏறியது.

அவளுக்குத் தெரியாததா? சில மாதங்களாகக் கொட்டகையில் ஊடைக்கு, குறுக்கே ஓடும் நூலுக்கு, வருவது செயற்கைப் பட்டு என்று அவள் விரல் முதல் நாளே சொல்லிவிட்டது. அதை அசல் என்று கல்யாண வீடுகளுக்கு விற்கிறார்கள் என்பது நெய்கிற எல்லோருக்கும் தெரியும். வயிற்றுக்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேசாமல் இருந்து இருந்து, வீட்டில் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. குப்பை நூல்தானே என்று கொடுத்திருக்கிறாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

தனசேகரன் சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எப்பேர்ப்பட்ட அக்கறை! வராந்தாவில் சந்தியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நூலப் பத்தி எவன் கேட்டாலும் பட்டுதான்னு சொல்லுமா. வேற பேச்சு கடைக்காரங்க காதுல வுழுந்தா அத்தினி தறியும் நின்னுடும். உன் தறியுந்தான். இனிமே உன் வூட்ல ஒல கொதிக்கிறது அத வச்சித்தானே?”

அவள் சாத்துக்குடிப் பையை வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பொய்யில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விசாரித்தார்.

“குடிக்கல சார். ஈரத்துணி வுட்டு அடி வரைக்கும் தொடச்சேன். இவ குடுத்த பட்டுச் சக்கைதான் போட்டேன், அதுல கங்கு நிக்காது சார்” என்றார் கிறிஸ்டோபர்.

“ஏம்மா, நீதானே நூலு குடுத்த? பட்டுதானா அது?”

கிறிஸ்டோபர் மனைவியைப் பார்த்தார். தன் பக்கத்துச் சாட்சி வாயைத் திறக்கப்போகிறது என்கிற தெம்பு அவர் முகத்தில் இருந்தது.

“பட்டுதான் சார்” என்றாள்.

“அப்போ நீதான்யா ஒழுங்கா தொடைக்கல” என்று அவரிடம் சொல்லிவிட்டு, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். துப்பாக்கியைக் கொண்டுபோனார்கள். பிறகு லைசென்சும் ரத்தாயிற்று.

ஸ்பேனர் பிடிக்கிற கை இல்லை. பிளம்பர் வேலை போயிற்று. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். எங்கே தவறினோம் என்பது பிடிபடாததுதான் மனுஷனை அரித்தது. தினமும் வாசலில் உட்கார்ந்து, இல்லாத துப்பாக்கியை முட்டிக்கு நடுவில் நிறுத்தி, இடது கையால் துடைப்பார், கொட்டுவார், இடிப்பார்.

ஒரு நாள் தறியிலிருந்து திரும்பிய சந்தியாவை உள்ளே போகவிடாமல் நிறுத்தினார்.

“துணி அடி வரைக்கும் போச்சுமே. கோல் போய்த் தட்டுனது கையில ஞாபகம் இருக்குது. அப்பறம் எப்டி கங்கு நின்னுச்சு? நீயே சொல்லு, நான் எங்க தப்பு பண்ணேன்?”

சந்தியா டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“தொடைக்க மறந்துட்டிருப்பய்யா.”

முட்டிக்கு நடுவில் இருந்த இடது கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“அப்டித்தான் இருக்கும்போல” என்றார். “நல்லவேளை, அன்னிக்கு நீ பக்கத்துல நிக்கல. உன்னியும் சேத்துக் கொன்னிருப்பேன்.”